இசித்ரோவுக்கு எடுத்த வழியனுப்பு விழா

ஜப்பானில் கடலோரத்தில் இருக்கிற எங்கள் நாகிஹாமாவில் பனி விழுகிற நாட்களில் ஊருக்கு முன்னால் எழுந்திருக்கிறவர்கள் தபால்காரரும் நானும்தான். அவருக்குத் தபால், எனக்கு டோஃபு. முதல் நாள் ஊறவைத்த சோயாப் பயறை விடியுமுன் அரைத்துக் காய்ச்சி வடித்தால்தான் கடை திறக்கும்போது கட்டி கட்டியாக அடுக்க முடியும். எங்கள் இரண்டு பேரோடு மூன்றாவதாக ஒருவன் வந்து சேர்ந்தான். கையில் பனி வாரும் பலகையோடு என் கடை வாசலில் ஆரம்பித்துத் தெருக்கோடி வரைக்கும் வாரிக்கொண்டே போவான். தன் வாசலை மட்டும் வாரிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற ரகம் இல்லை. அவன் பெயர் இசித்ரோ ஓவெலார். எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தில் சம்பளத்துக்கு ஆடிய தடுப்பாட்டக்காரன். பிறந்தது பராகுவேயில்.

அவனைப் பற்றி ஊரில் எல்லோரும் நல்லதாகத்தான் பேசுவார்கள். அதுதான் எனக்கு எரிச்சல். நல்ல மனுஷன், நன்றாக ஆடினான், நல்லபடியாகச் சொந்த ஊருக்குப் போய்விட்டான் என்று மூன்று நல்லதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். அதற்காகத்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். யாருக்காவது கசந்தால் கசக்கட்டும்.

அவன் அம்மா ரமோனா பஸ் நிலையத்தில் கூடை வைத்துப் பாலாடைக்கட்டி ரொட்டி விற்றவள். அப்பா எப்போதோ எங்கேயோ போய்விட்டார். கூடையைச் சுமந்துகொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி ஓடித்தான் தனக்குக் கால் பலம் வந்தது என்பான். இருபத்து மூன்று வயதில் ஒரு தரகர் அவனைக் கப்பல் சரக்கு மாதிரி டோக்கியோவில் கொண்டுவந்து இறக்கினார். அங்கே ஒரு பெரிய கழகம். ஒரு சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள். மலிவாகக் கிடைக்கிறானே என்று எங்கள் கழகம் எடுத்துக்கொண்டது. எங்களுடையது மூன்றாம் பிரிவுக் கழகம். வேறு எப்படி எடுப்போம்?

பிப்ரவரி மாதம், கடல் காற்று காதை அறுக்கிற நேரத்தில், மெல்லிசாக ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கினான். அவனை நேரே துணிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய்க் குளிருக்கு உடுப்பு வாங்கிக் கொடுத்தவர் கான்ஜி. எங்கள் ரசிகர் கூட்டத்தின் தலைவர் அவர். வீடுகளுக்கு ஓடு வேய்வது தொழில், கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று முரசு அடிப்பது பிழைப்பு. சனிக்கிழமை கத்துகிற கத்தலில் புதன்கிழமை வரைக்கும் தொண்டை கட்டியிருக்கும். தங்கமான ஆள், அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவரைத் திட்டப்போகிறேன், அப்போது மறந்துவிடக் கூடாது.

கழகத்தின் விடுதி என் கடைக்கு அடுத்த கட்டடம். தினமும் காலையில் இசித்ரோ வந்து சூடான சோயாப்பால் ஒரு கிண்ணம் நின்றபடியே குடிப்பான். எங்கள் பாஷையை, ஃபுமியே என்கிற என் பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்ப்பதிலிருந்து எல்லாவற்றையும், அவன் கற்றுக்கொண்டது என் அடுப்பங்கரையில்தான். அதனால் ஆரம்ப நாட்களில் டோஃபு விற்கும் பெண்பிள்ளை மாதிரியே பேசுவான். விளையாட்டுக்காரர்கள் எல்லாம் அவனைக் கேலி செய்தார்கள்.

முதல் வருஷம் ஒரு ஆட்டத்தில் எங்கள் பிள்ளைகள் ஐந்து கோல் வாங்கித் தோற்றார்கள். இரண்டு கோல் அவன் கோட்டை விட்டது. ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் வரிசையாக வந்து ரசிகர்கள் முன்னால் குனிந்து வணங்கினார்கள். நாங்களும் வழக்கம்போலக் கை தட்டி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலை கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல இப்படித் தோத்தா கல்லெறிவாங்க, ஃபுமியே சான். கார் கண்ணாடிய உடைப்பாங்க. அடுத்த வாரம் அதே ஆளு வந்து, ஏதோ கோவத்துல பண்ணிட்டேன்னு தோள்ல கை போட்டுக்கிட்டு எங்கம்மா ரொட்டியத் தின்னுட்டுப் போவான். இங்க கை தட்டுறாங்களே, என்னைப் பிடிச்சிருக்கா பிடிக்கலையா, நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

பிடிக்கவில்லை என்றால் சொல்ல மாட்டோம், பிடித்திருந்தாலும் சொல்ல மாட்டோம், நீயே புரிந்துகொள்ள வேண்டியதுதான் என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஆனால் மனசில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து எங்களைப் படிக்க ஆரம்பித்தான், பிள்ளைகள் பாடம் படிக்கிற மாதிரி.

வருஷங்கள் ஓடின. அவனை மாதிரி ஆள் எங்கள் ஊருக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. தலையால் பந்தை முட்டித் தள்ளினால் கடலில் போய் விழுமோ என்று இருக்கும். அடி பட்டால் புரண்டு நடிக்க மாட்டான், எழுந்து, தன்னை இடித்தவனையும் தூக்கிவிடுவான். குனிந்து வணங்கும்போது எல்லோரும் நிமிர்ந்த பிறகும் அவன் முதுகு மட்டும் வளைந்தே இருக்கும். விடுதியை விட்டு எங்கள் தெருவிலேயே கழகம் பிடித்துக் கொடுத்த வீட்டுக்குக் குடிவந்ததும், தெருச் சங்கத்தில் குப்பைத் தொட்டி முறைக்கு அவன் பெயரையும் சேர்த்தார்கள். காக்கை கிளறாமல் வலையை விரிப்பது, கழுவி விடுவது, அந்த வேலைதான். எல்லோரும் முனகிக்கொண்டே செய்கிற வேலை. இவன் என்னவோ நாட்டு அணிக்குத் தேர்வான மாதிரி என் கடைக்கு ஓடிவந்து சொன்னான். ஒரு தடவை கான்ஜி பாட்டில் போடக்கூடாத நாளில் பாட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டார். இவன் அவரை நிறுத்தி, ரொம்ப மரியாதையாக, திரும்ப எடுத்துக்கொண்டு போக வைத்தான். பராகுவேக்காரன் எனக்குக் குப்பை போடக் கற்றுக்கொடுக்கிறான் என்று கான்ஜி ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெண் இருந்தாள், பல் ஆஸ்பத்திரியில் வேலை. அவள் வீட்டார், மன்னிக்க வேண்டும், கொஞ்சம் கஷ்டம் என்று சொன்னார்கள். கொஞ்சம் கஷ்டம் என்றால் எங்கள் ஊரில் முடியவே முடியாது என்று அர்த்தம். இவன் குனிந்து வணங்கிவிட்டு வந்தான். அதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம்கூடப் பேசவில்லை.

முப்பத்து மூன்று வயதுக்கு மேல் கால் மெதுவாகிறது என்பது அவனுக்கே தெரிந்தது. பந்து ஆடுகிறவர்களுக்கு அந்த வயதில் ஒரு பயம் வரும். அடுத்து என்ன, எங்கே என்று. இசித்ரோவுக்கு எங்கே என்பதில் சந்தேகமே இல்லை. பெரிய கழகம், பெரிய பணம் எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. ஆட்டம் முடிந்த பிறகும் இந்த ஊரில், இந்தத் தெருவில், இந்த ஜனங்களில் ஒருவனாக இருந்துவிட வேண்டும். பந்து காலை விட்டுப் போனாலும் நான் இங்கேயேதான் இருப்பேன் என்று எத்தனையோ காலைகளில் அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

அது கழக மேலாளர் ஒகாஜிமாவுக்கும் தெரிந்திருந்தது. ஒரு ஆட்டத்தில் மூன்று வெளிநாட்டுக்காரர்களுக்கு மேல் இறக்கக் கூடாது என்று அப்போது விதி. மூன்று இடமும் நிரம்பியிருந்தது. ஒருநாள் ஒகாஜிமா இவனைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய், நல்ல நண்டாக வாங்கிக் கொடுத்து, பேச்சை ஆரம்பித்திருக்கிறார். இசித்ரோ ஜப்பான் குடியுரிமை வாங்கிவிட்டால் ஒரு இடம் காலியாகும், முன்வரிசைக்கு ஒரு நல்ல ஆளைக் கொண்டுவரலாம், இரண்டாம் பிரிவுக்கு ஏறிவிடலாம் என்று. கடைசியில் சொன்னாராம், "அப்புறம் நீங்க கடைசி வரைக்கும் நம்ம ஆளு."

அந்தக் கடைசி வரைக்கும் என்ற சொல்லை இவன் அப்படியே நம்பினான். நம்பாமல் என்ன செய்வான், அவனுக்கு வேண்டியதே அதுதானே.

எங்கள் நாட்டில் இரண்டு குடியுரிமை கிடையாது. ஒன்றை வாங்கினால் இன்னொன்றை விட வேண்டும். அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் அழுதாளாம். பிறகு, அங்கே உன்னை யாராவது அடித்தால் யாரிடம் போய்ச் சொல்லுவாய் என்று கேட்டாளாம். இங்கே யாரும் அடிக்க மாட்டார்கள் அம்மா என்று சொல்லியிருக்கிறான். சரி, உன் இஷ்டம் என்றுவிட்டாள்.

மனு போட்டு ஒரு வருஷம் காத்திருந்தான். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி என் கடைப் பலகையில் உட்கார்ந்து எழுத்து எழுதிப் பழகினான். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார். இசித்ரோ வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று என்னைக் கேட்டார். என் கடை டோஃபுவைத் தவிர வேறெதுவும் சாப்பிட்டால் நானே நாடு கடத்திவிடுவேன் என்றேன். அந்த மனுஷன் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

அந்த மனு நிலுவையில் இருக்கும்போது ரமோனா படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. இவன் துடித்துப் போனான். மனு முடிகிற வரைக்கும் நெடுநாள் நாட்டை விட்டு வெளியே இருக்க வேண்டாம் என்று மனு எழுதிக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒகாஜிமாவிடம் போய்க் கேட்டான். அவர் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பல்லிடுக்கில் காற்றை இழுத்துக்கொண்டு, இந்தச் சமயத்தில் உங்கள் முடிவுதான் என்றார். இவன்தான் எங்களை நன்றாகப் படித்தவன் ஆயிற்றே. புரிந்துகொண்டான். போகவில்லை.

மார்ச் மாதக் கடைசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தை இவன் என் அடுப்பங்கரையில் உட்கார்ந்து போனில் பார்த்தான். அங்கே சிவப்பு மண்ணில் குழி, நாலைந்து பேர், யாரோ போனைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டே இருந்தது. இங்கே பயறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் டோஃபு கிடைக்கவில்லை, நான் காரணமும் சொல்லவில்லை.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். எல்லோரும் பாவம் என்று பார்ப்பார்கள், பார்த்தால் ஆட முடியாது, சீசன் முடிந்ததும் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். அம்மாவின் படத்தை என் வீட்டுப் பூஜை மாடத்தில் வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். உயிரோடு இருந்தவரை ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்க்காத மனுஷர், இப்போதாவது அவருக்குப் பேச்சுத் துணை கிடைத்தது. தினமும் இரண்டு பேருக்கும் சோறு வைப்பேன்.

ஏப்ரலில் குடியுரிமை வந்தது. ஊர்க்காரர்கள் கொண்டாடிய கொண்டாட்டத்தைச் சொல்லி முடியாது. கான்ஜி நகராட்சி வாசலில் முரசைக் கொண்டுவந்து வைத்து அடித்தார். இனிமேல் நீ எங்களில் ஒருவன் என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள், கட்டிப்பிடிக்கிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. இவன் எல்லோருக்கும் குனிந்துகொண்டே இருந்தான். அம்மா செத்து ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை.

ஜூலையில் காலி இடத்துக்கு ஆள் வந்தான். வுக்கான் என்று மாண்டினீக்ரோ நாட்டுப் பையன், இருபத்து இரண்டு வயது, தென்னை மரம் மாதிரி உயரம். முன்வரிசைக்காரன் இல்லை. தடுப்பாட்டக்காரன். இசித்ரோ நிற்கிற அதே இடம். கேட்டால், முன்வரிசைக்கு நல்ல ஆள் அகப்படவில்லை என்றார் ஒகாஜிமா. இசித்ரோ தன் குடியுரிமையைக் கொடுத்துக் காலி செய்த நாற்காலியில் அவனை வெளியேற்ற வந்தவனே உட்கார்ந்தான். இதை நான் கடையில் நின்று உரக்கச் சொன்னேன். வாங்க வந்தவர்கள் டோஃபுவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இவன் என்ன செய்தான் தெரியுமா? அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து எனக்கு அறிமுகம் செய்து, இவனுக்கும் தினமும் ஒரு கிண்ணம் கொடுங்கள், எலும்புக்கு நல்லது என்றான். எந்தக் காற்றுக்கு எங்கள் மைதானத்தில் பந்து எப்படித் திரும்பும் என்று மைதானத்தில் நின்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆகஸ்டிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

கழகம் இரண்டாம் பிரிவுக்கும் ஏறவில்லை, ஒன்றுக்கும் ஏறவில்லை. நவம்பர் தொடக்கத்திலேயே ஒகாஜிமா கூப்பிட்டனுப்பி, அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார். டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டதாம். உள்ளூர்ப் பத்திரிகையில் மூலையில் இரண்டு வரி போட்டார்கள்.

நான் ஒகாஜிமாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். இவன் ஏசவில்லை. கழக வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால் துறைமுகத்துப் பக்கம் கருவாட்டுக் கடை மாடியில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தான். நான் ஜாமீன் நின்றேன். மீன் வடை செய்கிற தொழிற்சாலை முதலாளி மொரிவாகி ஜனவரியிலிருந்து வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். எல்லாம் தயார். பாக்கி இருந்தது ஊருக்குச் சொல்ல வேண்டியது மட்டும்தான். அதை ரசிகர் தினத்தில் மேடையில் சொல்வதாக வைத்திருந்தான்.

டிசம்பர் முதல் ஞாயிறு பள்ளி ஜிம்மில் ரசிகர் தினம் நடக்கும். விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து எங்களுக்குப் பன்றிக்கறிக் குழம்பு ஊற்றுவார்கள், பிள்ளைகளோடு விளையாடுவார்கள். வேலை போனவர்களும் வந்து மற்றவர்களோடு வரிசையில் நின்று சிரித்துக்கொண்டே குழம்பு ஊற்றுவதுதான் வழக்கம். அவர்களுக்கு வேலை போனது எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டோம். மரியாதையாம். கிண்ணத்தை நீட்டி, ருசியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

தான் பேச வேண்டியதை இரண்டு வாரம் என் கடையில் பழகினான். டோஃபுப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்று சொல்லுவான். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"எங்கம்மா இந்த வருஷம் இறந்துட்டாங்க. சொல்லாம இருந்ததுக்கு மன்னிச்சுக்குங்க. நான் இனிமே பந்து ஆடல. ஆனா இந்த ஊரை விட்டுப் போகல. மீன் வடை ஃபாக்டரில இருப்பேன். பனி வார ஆள் வேணும்னா கூப்பிடுங்க. இனிமேலும் என்னைப் பாத்துக்குங்க."

இவ்வளவுதான். பாத்துக்குங்க என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் குரல் உடையும். உடையாமல் வர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லுவான். உடைந்தால் என்னப்பா, உடையட்டும் என்று சொன்னேன்.

அந்த ஞாயிறு குழம்பெல்லாம் ஊற்றி முடிந்ததும் மேடையில் திரை விலகியது. பின்சுவர் முழுக்க ஒரு துணி. இத்தனை வருஷமும் நன்றி, இசித்ரோ, சொந்த மண்ணுக்கு நல்லபடியாகப் போய் வா என்று எழுதி, பராகுவேக் கொடி வரைந்திருந்தது. கொடி ரொம்ப அழகாக வந்திருந்தது. கான்ஜியும் அவர் ஆட்களும் ஒரு மாதமாக ஓடு கிடங்கில் உட்கார்ந்து ரகசியமாகத் தைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஸ்பானிஷ் மொழியில் ஒரு பிரிவுப் பாட்டு பாடினார்கள். பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது, இரண்டு வாரம் பழகியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் இவன் டோஃபுப் பெட்டிக்கு முன்னால் பழகிக்கொண்டிருந்த அதே இரண்டு வாரம்.

நான் கான்ஜியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். யார் உன்னிடம் அவன் போகிறான் என்று சொன்னது என்று கேட்டேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஒப்பந்தம் முடிஞ்சா வெளிநாட்டு ஆட்டக்காரங்க ஊருக்குத்தானே போவாங்க. இதைப் போய் அவர்கிட்ட எப்படிங்க கேக்கறது? மனசு நோகாதா?"

"அவன் இப்ப ஜப்பான்காரன்யா. நீதானே முரசு அடிச்ச."

"அது சரி," என்றார் கான்ஜி. "ஆனா மனுஷனுக்குச் சொந்த ஊருன்னு ஒண்ணு இருக்குமில்ல."

கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லாமல் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் குழம்பைத் தலையில் கொட்டியிருப்பேன்.

அதற்குள் அவர் மேடைக்கு ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். கண்ணெல்லாம் தண்ணீர். இத்தனை வருஷம் உங்களை உங்கள் அம்மாவிடமிருந்து நாங்கள் இரவல் வாங்கி வைத்திருந்தோம், அம்மா காத்துக்கொண்டிருப்பார்கள், இனிமேலாவது அவர்கள் கையால் சாப்பிடுங்கள் என்றார். ஜிம்மில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள்.

நான் மேடைப் படியில் கால் வைத்தேன். நான் சொல்லிவிடுகிறேன், யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும் என்றுதான். இசித்ரோ என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடுத்த படி ஏற முடியவில்லை. அவன் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டான். பின்சுவரில் இருந்த துணியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"எல்லாருக்கும் நன்றி," என்றான். "அம்மாகிட்டச் சொல்றேன்."

அன்றைக்குக் குரல் உடையவில்லை. பிறகு கூட்டமாக வந்து அவனைத் தூக்கி மேலே போட்டுப் பிடித்தார்கள், மூன்று தடவை, ஜெயித்தவர்களைப் போடுகிற மாதிரி. அவ்வளவு பெரிய உடம்பு காற்றில் போய் வந்தது. கீழே இறக்கிவிட்டதும் குனிந்து வணங்கினான். நான் குழம்புப் பாத்திரங்களைக் கழுவப் போய்விட்டேன், என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை கடைக்கு வந்தபோது அவனை உட்கார வைத்துக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. இன்றைக்கே கான்ஜியிடம் சொல்லு, அவர் என்ன கடித்தா தின்றுவிடுவார் என்று திட்டினேன்.

"அத்தனை பேரும் அழுதாங்க, ஃபுமியே சான். சின்னப் பிள்ளைங்கல்லாம் அழுதுச்சு. நாளைக்கு நான் மார்க்கெட்ல முள்ளங்கி வாங்கிக்கிட்டு நின்னா, அவங்க அழுததெல்லாம் என்ன ஆகும்? எல்லாருக்கும் வெக்கமாப் போயிடும்."

நான் வாதாடிப் பார்த்தேன். ஆனால் அவன் சொன்னது பொய் இல்லை, அதுதான் வேதனை. எங்கள் ஊரில் ஒருவரை முறையாக வழியனுப்பிவிட்டால் அவர் போயாக வேண்டும். போகாமல் எதிரே வந்தால் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே எங்களுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் இவன் எங்களை அவ்வளவு நன்றாகக் கற்றுவைத்திருந்தான். கொஞ்சம் மோசமாகக் கற்றிருந்தால் பிழைத்திருப்பான்.

இருந்தாலும் நான் விடவில்லை. மொரிவாகி அவனுக்கு வேலை தருவதாகச் சொன்னவர், அவராவது உண்மை தெரிந்தவர், அவரை வைத்து ஊருக்குச் சொல்ல வைக்கலாம் என்று மீன் வடைத் தொழிற்சாலைக்கு நடந்து போனேன். மனுஷர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, இசித்ரோ சானுக்கு நல்ல காலம், மனசு மாறி ஊருக்கே கிளம்பிவிட்டார், ஜிம்மில் நானும் இருந்தேன் என்றார். அந்த இடத்துக்குத் தன் மச்சினன் மகனைக் காலையிலேயே எடுத்துவிட்டாராம். ஒரு வார்த்தை அவனைக் கேட்டிருக்கக் கூடாதா என்றேன். அவர் வாயாலேயே மேடையில் சொல்லிவிட்டாரே, அதற்கு மேல் போய்க் கேட்டால் சங்கடப்படுத்துகிற மாதிரி ஆகாதா என்றார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

என் வீட்டிலேயே இரு, எனக்கும் வயசாகிறது, பயறு மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று கெஞ்சினேன். வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு இருக்க முடியாதே ஃபுமியே சான் என்றான்.

வியாழக்கிழமை ரயில் நிலையத்தில் வழியனுப்பினார்கள். அன்றைக்கும் பனி. கான்ஜி முரசோடு வந்திருந்தார், நடைமேடையில் அடிக்க அனுமதி வாங்கியிருந்தார். வுக்கான் பெட்டியைத் தூக்கி ரயிலில் வைத்துவிட்டு ஓரமாக நின்று அழுதான். ஒகாஜிமா பூங்கொத்து அனுப்பியிருந்தார், வரவில்லை. இசித்ரோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குனிந்தான். ஜன்னல் வழியாகக் கடைசியாகக் கான்ஜி ஏதோ சொன்னார், இவன் தலையாட்டினான், ரயில் கிளம்பிவிட்டது. முரசுச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று ஊரில் கேட்டால் பராகுவே என்பார்கள். இல்லை. இந்த நாட்டில்தான், கார் பாகம் செய்கிற ஒரு ஊரில், யாருக்கும் அவனைத் தெரியாத இடத்தில், எந்திரத்துக்கு முன்னால் நிற்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். டோஃபு கொண்டுபோவேன். முழங்கால் வீங்கியிருக்கிறது. எங்கள் கழகம் ஜெயித்ததா தோற்றதா என்று கேட்பான். இதை இப்போது நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் வருத்தப்படுவான். படட்டும்.

அவனை ரயில் ஏற்றிய அந்த வியாழக்கிழமை, கடையைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. இசித்ரோ. ரயில் கடைசி நிலையத்துக்கு வந்துவிட்டது, எல்லோரும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். எங்கே போகப் போகிறாய், தங்க இடம் பார்த்தாயா என்று நான் பதறிப்போய்க் கேட்டேன். அது பரவாயில்லை, அதற்காகக் கூப்பிடவில்லை என்றான்.

"ரயில் கிளம்பும்போது கான்ஜி சான் ஒண்ணு கேட்டாரு. ஊருக்குப் போனதும் அம்மா பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பணுமாம். மைதானத்துல எல்லாரும் பாக்கற மாதிரி மாட்டப் போறாராம். நான் சரின்னு தலையாட்டிட்டேன். இப்ப என்ன பண்றதுன்னு தெரியல."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒன்றும் அனுப்பாதே, இப்போதே கான்ஜி வீட்டுக்குப் போய் உன் அம்மா செத்துப்போன விஷயத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"வேணாம், ஃபுமியே சான்," என்றான். "அவரு ரொம்ப வருத்தப்படுவாரு."

பின்னால் யாரோ அவனிடம் வண்டியைக் கழுவ வேண்டும், இறங்குங்கள் என்று சொல்வது கேட்டது. இசித்ரோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனை வைத்தான்.